முதல் முறை ஃபிஷ் ஸ்பாவுக்குப் போகிறவர்களுக்கு

வணிக வளாகத்தின் நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நீளமான கண்ணாடித் தொட்டியும் அதன் மேல் பலகை இருக்கையும் இருக்கும். அந்தத் தொட்டியில் காலை நனைத்து உட்கார்ந்தால் சிறு மீன்கள் வந்து பாதத்தின் காய்ந்த தோலைக் கொறிக்கும், அதுதான் ஃபிஷ் ஸ்பா. அதைப் பார்த்துத் தயங்கி நிற்கிற எவரிடமும் அங்குள்ள பணியாளர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "பயப்படாதீங்க, இதுக்குப் பல்லே கிடையாது." சரியான மீனைப் பொறுத்தவரை அது உண்மை. தொட்டியில் இருப்பது சரியான மீன்தானா என்பதை அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. நான் இதுவரை மூன்று முறை கால் நனைத்திருக்கிறேன். நான்காவது முறை, 200 ரூபாய் கட்டி ரசீது வாங்கிய பிறகு, தொட்டியின் மூலையில் வயிறு மேலாக மிதந்த இரண்டு மீன்களைப் பார்த்துவிட்டுக் காலை நனைக்காமலேயே திரும்பினேன். பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்தப் பணம் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மற்ற எதையும் சொல்வதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அழகு நிலையத்தில் உங்கள் காலுக்குப் பயன்படுத்தும் நகவெட்டியையும் கத்தியையும் கழுவிக் கிருமிநாசினியில் ஊறவைத்து அடுத்தவருக்குப் பயன்படுத்த முடியும். மலிவான பொருளாக இருந்தால் தூக்கியே போட்டுவிடலாம். ஃபிஷ் ஸ்பாவில் கருவியே உயிருள்ள மீன். அதைக் கிருமிநாசினியில் முக்க முடியாது, ஒருவர் எழுந்து போனதும் தூக்கிப் போடுவதற்கு அது மலிவும் இல்லை, அது நீந்துகிற தண்ணீரில் கிருமி சாகும் அளவுக்குக் குளோரின் கலந்தால் முதலில் சாவது மீன்தான். அமெரிக்காவில் 10க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதைத் தடைசெய்திருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதன்மையானது இதுவே. தடை இல்லாத ஊர்களில் கருவியைச் சுத்தம் செய்ய முடியாத அந்தக் குறையை, போகிற நாம்தான் முன்யோசனையால் ஓரளவு ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

மீனைப் பற்றி

இந்தத் தொழிலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மீன் காரா ரூஃபா. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இது, துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் நாடுகளின் ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழ்வது. வாய் முகத்தின் முன்னால் இல்லாமல் தலைக்கு அடியில் பிறை வடிவில் இருக்கும். அந்த வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு, அதன் மேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பதுதான் அதன் இயல்பான பிழைப்பு. தாடையில் பல் கிடையாது.

பாசி மேயும் மீன் மனிதத் தோலுக்கு ஏன் வருகிறது என்பதற்கு விடை துருக்கியின் சிவாஸ் மாகாணத்திலுள்ள கங்கால் என்னும் ஊருக்கு அருகே இருக்கிறது. அங்குள்ள வெந்நீர் ஊற்றில் தண்ணீர் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். அந்தச் சூட்டில் மீன்களுக்கான இரை மிகவும் குறைவு. பசித்த மீன்கள் தண்ணீரில் இறங்குகிறவர்களின் ஊறிய தோலைக் கொறிக்கப் பழகின. சொரியாசிஸ் என்னும் தோல் நோய் உள்ளவர்கள் அங்கே சென்று 21 நாள் தங்கி, தினமும் மணிக்கணக்கில் தண்ணீரில் அமர்ந்திருப்பது இன்றும் நடக்கிறது. 2006இல் ஆஸ்திரியாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, மூன்று வாரம் இந்த மீன்களுடன் தண்ணீரில் இருந்த 67 சொரியாசிஸ் நோயாளிகளிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்ததாகச் சொன்னது. ஆனால் அவர்களுக்கு மீனுடன் சேர்த்துப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையும் கொடுக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க மீன் இல்லாத இன்னொரு குழுவும் இல்லை. வணிக வளாகங்களின் விளம்பரப் பலகையில் "சரும நோய்களைத் தீர்க்கும்" என்று எழுதுகிறவர்கள் அந்தப் பின்பாதியை எழுதுவதில்லை. 20 நிமிடம் கால் நனைப்பதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையாக எண்ணிப் போகாதீர்கள்.

போலி மீன் விவகாரத்துக்கு வருவோம். காரா ரூஃபா என்ற பெயரில் பல இடங்களில் விடப்படுவது சின் சின் என்று வணிகத்தில் அழைக்கப்படும் வேறொரு மீன். அது திலேப்பியா வகையைச் சேர்ந்தது என்பார்கள். குஞ்சாக இருக்கும்போது அதுவும் தோலைக் கொறிக்கும். வளர வளரப் பல் முளைக்கும், இரத்தம் வரும் அளவுக்குக் கடிக்கும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மீன் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்கு அருகே குனிந்து பாருங்கள். உருளை போன்ற மெல்லிய உடலும் அடியில் அமைந்த வாயும் கொண்டு, கண்ணாடிச் சுவரில் வாயை ஒட்டி மேய்ந்துகொண்டிருந்தால் அது காரா ரூஃபாவாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கவாட்டில் தட்டையாக, முதுகுத் துடுப்பு முள் முள்ளாக விரிந்து, வாய் முகத்தின் நுனியில் நேராக இருந்தால் அது வேறு மீன். ஒரே தொட்டியில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த மீன்கள் இருக்கும் தொட்டியை, அது எந்த வகையாக இருந்தாலும், முதல் முறை போகிறவர்கள் தவிர்ப்பது நல்லது.

போகவே கூடாதவர்கள்

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிது. சர்க்கரை நோய் நாட்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். மீன் கடித்துக் கீறினாலும் தெரியாது, கீறிய இடம் எளிதில் ஆறவும் ஆறாது. அப்பா அம்மாவின் திருமண நாளுக்கு ஆசையாக ஃபிஷ் ஸ்பா சீட்டு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் இதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பு 2011இல் இந்தத் தொழிலுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டபோது, தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவுதான் என்று சொல்லிவிட்டு, சிலர் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. சர்க்கரை நோயாளிகளோடு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், பாதத்தில் சொரியாசிஸ், கரப்பான் போன்ற தோல் நோய் உள்ளவர்களும், வெட்டுக்காயமோ தோல் தொற்றோ உள்ளவர்களும், முந்தைய 24 மணி நேரத்துக்குள் காலில் மயிர் நீக்கியவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சவரம் செய்த காலிலும் மெழுகு போட்டு இழுத்த காலிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு கீறல்கள் இருக்கும் என்பதுதான் கடைசியாகச் சொன்னதன் காரணம்.

நம் ஊருக்கு இதில் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று, மழைக்காலத்தில் விரலிடுக்கில் வருகிற சேற்றுப்புண். அது இருந்தால் உங்களுக்காக மட்டுமல்லாமல் உங்களுக்குப் பின்னால் அமரப்போகிறவருக்காகவும் போகாதீர்கள். இன்னொன்று பித்தவெடிப்பு. குதிகால் வெடிப்பைச் சரிசெய்யத்தான் பெரும்பாலோர் ஃபிஷ் ஸ்பாவை நினைக்கிறார்கள், ஆனால் சிவந்து ஆழமாகப் பிளந்த வெடிப்பு திறந்த காயமேதான். மேலோட்டமான காய்ந்த தோலை மீன் கொஞ்சம் குறைக்கும். தடித்துப்போன குதிகால் தோலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு யூரியா கலந்த களிம்பும், வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்கும் கல்லும், இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக் காலுறை போட்டுப் படுப்பதும் கூடுதலாக வேலை செய்யும், செலவும் குறைவு.

இடத்தைப் பார்ப்பது

கட்டணம் கட்டுவதற்கு முன்பே ஐந்து நிமிடம் தொட்டியருகே நில்லுங்கள். முதலில் மூக்குக்கு வேலை கொடுங்கள்: நல்ல மீன் தொட்டியில் ஈரமண் வாசனை போல மெல்லிய வாசம் வரும், கவிச்சி அடித்தால் திரும்பிவிடலாம். தண்ணீர் தெளிவாக இருந்து, தொட்டியின் அடியில் கிடக்கும் கூழாங்கல் எண்ணும்படி தெரிய வேண்டும். மேற்பரப்பில் நுரை நின்றாலோ எண்ணெய்ப் படலம் மின்னினாலோ, முன்னால் உட்கார்ந்தவர்களின் களிம்பும் சோப்பும் அதில் கலந்திருக்கின்றன என்று பொருள். மீன்கள் சுறுசுறுப்பாகத் தொட்டி முழுவதும் திரிய வேண்டும். தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் ஆக்ஸிஜன் போதவில்லை. உடலில் சிவந்த திட்டுகள், வெண்பஞ்சு போன்ற படலம், கிழிந்த துடுப்பு ஆகியவை நோயின் அடையாளங்கள்.

மீனுக்கு நோய் வந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். 2011 ஏப்ரலில், இந்தோனேசியாவிலிருந்து பிரிட்டனின் ஃபிஷ் ஸ்பாக்களுக்கு வந்திருந்த 6,000 காரா ரூஃபா மீன்களிடையே நோய் பரவி, செவுளிலும் வாயிலும் வயிற்றிலும் இரத்தம் கசிந்து அவை இறந்தன. காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியா. அதைத் தொடர்ந்து ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய மீன்களைச் சோதித்த ஆய்வாளர்கள், மனிதருக்கும் தொற்றக்கூடிய பல வகைப் பாக்டீரியாக்களை அவற்றில் கண்டார்கள். அவற்றில் சில, பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாதவையாகவும் இருந்தன. இந்தப் பாக்டீரியாக்கள் புண் இல்லாத, திடமான காலில் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. கீறல் இருந்தால் நிலைமை வேறு.

பணியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். தண்ணீரை வடிகட்டும் கருவி நாள் முழுவதும் ஓடுகிறதா, அதில் புற ஊதா விளக்கு இருக்கிறதா, தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு மாற்றுகிறீர்கள்? ஒரே நாளில் முழுத் தண்ணீரையும் மாற்றுவதாகப் பெருமையடித்தால் நம்ப வேண்டாம். மீன் தொட்டி வைத்திருக்கும் எவரும் தண்ணீரைப் பகுதி பகுதியாகத்தான் மாற்றுவார்கள், இல்லாவிட்டால் மீன் தாங்காது. புற ஊதா விளக்கைப் பற்றியும் ஒரு சொல்: அது தன் குழாய் வழியாகக் கடந்துபோகும் தண்ணீரிலுள்ள கிருமியைக் கொல்லும், மீனின் மேலும் தொட்டிச் சுவரிலும் ஒட்டியிருப்பதை ஒன்றும் செய்யாது. இருப்பது நல்லது, இருந்துவிட்டால் போதும் என்பதல்ல. கேள்வி கேட்டதும் பணியாளர் எரிச்சல்படுகிறாரா, எழுந்து வந்து கருவியைக் காட்டுகிறாரா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

எட்டுப் பேர் வரிசையாக அமரும் பொதுத் தொட்டியைவிட ஒருவர் மட்டும் கால் வைக்கும் தனித் தொட்டி மேல். அதுவும் கடை திறந்த நேரத்தில், அன்றைய முதல் ஆளாகப் போவது இன்னும் மேல்: இரவு முழுவதும் வடிகட்டி ஓடித் தண்ணீர் தெளிந்திருக்கும், மீன்களும் பசியோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குப் போனால் தண்ணீரும் கலங்கியிருக்கும், மீன்களும் உண்டு களைத்துக் காலைத் திரும்பிப் பார்க்காது. என் முதல் அனுபவம் அப்படித்தான் அமைந்தது. கட்டிய பணத்துக்கு இரண்டே மீன்கள் வந்தன.

இலங்கைக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் பலர், பலபிட்டியவில் மாது கங்கைப் படகுச் சவாரியின்போதுதான் முதன்முதலாக இதைச் சந்திக்கிறார்கள். ஆற்றில் கட்டிய வலைத் தொட்டியில் மீன்களை விட்டுவைத்து, படகை அங்கே நிறுத்திக் கால் நனைக்கச் சொல்வார்கள். ஓடுகிற தண்ணீர் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அங்கே மீன்கள் கைப்பிடி அளவுக்குப் பெரியவையாக இருக்கும், உறிஞ்சுவதற்குப் பதிலாக வெடுக்கென்று இழுக்கும். மெல்லிய கொறிப்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள் அலறிக் காலை இழுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

கிளம்புவதற்கு முன்

முந்தைய நாளே நகத்தை வெட்டி முனையை மழுக்கிவிடுங்கள். அன்றே வெட்டினால் நகக்கண்ணில் கீறல் விழ வாய்ப்புண்டு. இரண்டு நாளைக்கு முன்பிருந்தே காலில் சவரம், மெழுகு, கல் தேய்ப்பு எதுவும் வேண்டாம். அன்று காலை களிம்போ எண்ணெயோ தடவாதீர்கள், கொசு விரட்டும் களிம்பை மறந்தும் தடவாதீர்கள். முழங்கால் வரை எளிதாகச் சுருட்டக்கூடிய உடை போதும்; சேலையோ வேட்டியோ என்றால் நனைந்துவிடாமல் மடித்துச் செருக வேண்டியிருக்கும்.

கொலுசைக் கழற்றிக் கைப்பையில் வைத்துவிடுங்கள், சலங்கை இடுக்கில் சிறு மீன்கள் சிக்கிக்கொள்ளும். மெட்டியைக் கழற்ற மனம் வராதவர்கள் கழற்ற வேண்டியதில்லை; அதன் அடியில் தோல் புண்ணாகவோ வெளுத்தோ இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல இடமாக இருந்தால் தொட்டியில் கால் வைக்கும் முன் கழுவச் சொல்வார்கள், சொல்லாவிட்டாலும் நீங்களே கேட்டுக் கழுவுங்கள். சோப்புப் போட்டால் விரலிடுக்கு உட்பட மிச்சமில்லாமல் அலச வேண்டும், ஏனென்றால் சோப்பு மீனின் செவுளைப் புண்ணாக்கும். கழுவிய காலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். புதுச் செருப்புக் கடித்த தடம் ஒன்று கண்ணில் பட்டால், அன்றைக்கு மற்றவர்கள் கால் நனைப்பதைப் படம் எடுத்துக் கொடுங்கள்.

தொட்டிக்குள்

இருக்கையில் நன்றாகப் பின்தள்ளி அமர்ந்து, ஒரு காலை மட்டும், விரல் நுனியிலிருந்து மெதுவாக இறக்குங்கள். இரண்டு காலையும் சட்டென்று இறக்கினால் மீன்கள் சிதறி ஓடும், தண்ணீர் தெறிக்கும், பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். முதல் ஐந்து நொடி எதுவும் நடக்காது. பிறகு ஒரு மீன் வந்து கட்டை விரலில் தொட்டுப் பார்க்கும், இன்னொன்று கணுக்காலில். அரை நிமிடத்துக்குள் குதிகாலைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிடும்.

அந்த முதல் நிமிடம்தான் கடினமானது. வலி இருக்காது, கூச்சம் இருக்கும். கோலி சோடாவைக் காலின் மேல் ஊற்றினால் குமிழ்கள் எப்படி வெடிக்குமோ, அப்படி நூறு இடத்தில் ஒரே நேரத்தில் சிறுசிறு துடிப்பு. பாதத்தின் அடிக்குழியிலும் விரலிடுக்கிலும் அது தாங்க முடியாததாகத் தோன்றும், உடம்பு தானாகவே காலை மேலே இழுக்கும். இழுத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிட, பாதத்தைத் தொட்டியின் அடியில் தட்டையாக ஊன்றிவிட்டால் அடிக்குழிக்கு மீன் போக முடியாது. விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் இடுக்குக்கும் போக முடியாது. மேற்பாதமும் குதிகாலும் மட்டும் வெளியே இருக்கும்படி இரண்டு மூன்று நிமிடம் பழகிய பிறகு, பாதத்தைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கலாம். மூச்சை அடக்காமல் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பது உதவும். ஐந்து நிமிடத்துக்கு மேல் கூச்சம் மங்கி, ஒருவித இதமான அதிர்வாக மாறிவிடும். என் அக்கா மூன்றாவது முறை தொட்டி ஓரத்திலேயே தூங்கிவிட்டாள்.

கையைத் தண்ணீருக்குள் விட்டு மீனைப் பிடிக்க முயல வேண்டாம், அந்தக் கையால் முகத்தைத் துடைக்கவும் வேண்டாம். குழந்தைகளை அழைத்துப் போனால் அவர்கள் காலை உதைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயந்து உதைக்கிற குழந்தையின் காலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கி மீன் நசுங்கிவிடும். சுருக்கென்று குத்தினாலோ கிள்ளியது போல வலித்தாலோ உடனே காலை எடுத்துப் பாருங்கள். இரத்தம் துளிர்த்திருந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும், மீதி நிமிடங்களுக்காகக் கணக்குப் பார்க்கக் கூடாது. முதல் முறைக்கு 15 நிமிடம் தாராளம். அரை மணி நேரச் சலுகைக் கட்டணத்துக்கு மயங்காதீர்கள், நெடுநேரம் ஊறிய தோல் மெலிந்து எளிதில் கீறிக்கொள்ளும்.

இந்த மீன்கள் உங்கள் காலை நாடி வருவது பாசத்தினால் அல்ல என்பதையும் அந்த 15 நிமிடத்தில் நினைத்துக்கொள்ளலாம். வேறு இரை கொடுத்தால் காலைக் கொறிக்காது என்பதற்காகவே பல இடங்களில் அவற்றைப் பட்டினி போட்டு வைக்கிறார்கள். கடை மூடிய பிறகு தீவனம் போடுகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். போடுவதாகச் சொல்லும் இடத்துக்கே நான் திரும்பப் போகிறேன்.

வெளியே வந்த பின்

காலை எடுத்ததும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உங்கள் சொந்தத் துண்டால் விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள். அங்கே தொங்கும் பொதுத் துண்டு வேண்டாம். தோல் மிருதுவாகத் தெரியும், அதில் பாதி மீனின் வேலை, பாதி தண்ணீரில் ஊறியதன் விளைவு. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெயோ வழக்கமான களிம்போ தடவினால் அந்த மிருது இரண்டு மூன்று நாள் நிற்கும். அன்று முழுவதும் வெறுங்காலோடு நடக்காமல் இருப்பது நல்லது.

அடுத்த சில நாட்களில் பாதம் சிவந்து வீங்கினாலோ, சூடாகவோ வலியாகவோ இருந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். போகும்போது மீன் தொட்டியில் கால் வைத்ததை நீங்களே சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார். நீர்வாழ் பாக்டீரியாக்களுக்குக் கொடுக்கும் மருந்து சாதாரணப் புண்ணுக்குக் கொடுப்பதிலிருந்து மாறுபடலாம்.

நகத்தையும் சில மாதங்களுக்குக் கவனியுங்கள். 2018இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான குறிப்பில், இருபதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கால் நகங்கள் அடியிலிருந்து கழன்று விழத் தொடங்கியதும், வேறு காரணம் எதுவும் தென்படாத நிலையில், சுமார் ஆறு மாதத்துக்கு முன் அவர் ஃபிஷ் ஸ்பாவுக்குப் போயிருந்தது தெரியவந்ததும் பதிவாகியிருக்கின்றன. மீன்கள் ஓயாமல் நகக்கண்ணைக் குத்தியதால் நக வளர்ச்சி இடையில் நின்றிருக்கலாம் என்று மருத்துவர் கருதினார். இது மிக அரிதான நிகழ்வு. ஆனாலும் கால் நகம் மிக மெதுவாக வளர்வதால், பாதிப்பு வெளியே தெரியும் நேரத்தில் காரணம் மறந்துபோயிருக்கும். ஸ்பாவில் கொடுக்கும் ரசீதைத் தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்துக் கைபேசியில் போட்டு வையுங்கள்.